வெயில் பெட்டிக்காரர்

சூரிய ஒளியில் இயங்கும் குளிர்பதன அறைகளுக்கான நெறிமுறை, விதி ஒன்பது: ‘உறுப்பினர்களின் விளைபொருள் தவிர வேறு எதையும், எக்காரணம் கொண்டும், அறையில் வைத்தல் கூடாது.’ எக்காரணம் கொண்டும் என்று எழுதியவர் எங்கள் பக்கம் வந்தவரில்லை. வந்திருந்தால், காரணங்கள் கையில் தூக்குப்போசியோடு வாசலில் நிற்கும் என்பது தெரிந்திருக்கும். அந்த விதியைக் காக்க எங்கள் உழவர் குழு நியமித்த மனிதரோ, யாருக்கும் ‘இல்லை’ என்று சொல்லிப் பழகாதவர்.

கூட்டுறவுத் தணிக்கையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்த என்னைக் குழுவின் ஆலோசகராகப் போட்டிருந்தார்கள். சம்பளமில்லாத பதவி, ஆலோசனையை யாரும் கேட்பதில்லை என்பதால் கணக்கு சரியாகவே இருந்தது.

பொங்கலூரிலிருந்து உள்ளே தள்ளி, மின்கம்பி வந்து முடிகிற இடம் எங்கள் ஊர். மின்சாரம் எங்களுக்கு ஒறம்பரை, விருந்தாளி மாதிரி. வரும், ஒரு காபி குடிக்கும் நேரம் இருக்கும், போய்விடும். அதனால்தான் அந்தப் பெட்டி வந்தது. லாரியில் ஏற்றும் கண்டெய்னர் அளவில் வெள்ளை அறை. கூரை முழுக்கச் சூரியத் தகடுகள். பகலெல்லாம் வெயிலை வாங்கி உள்ளே சுவரோரத் தட்டுகளில் ஐஸ் உறைய வைக்கும்; இரவில் அந்த ஐஸ் உருகி உருகிக் குளிரைக் காக்கும். தக்காளி விலை சரிந்தால் ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போவதுதான் அதுவரை இங்கே வழக்கம். பெட்டி வந்த பிறகு நாலைந்து நாள் பொறுத்து விற்க முடிந்தது. ஊரார் அதை வெயில் பெட்டி என்றார்கள். அதைப் பார்த்துக்கொள்ளக் குழு நியமித்தவரைப் பெட்டிக்காரர் என்றார்கள்.

அவர் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்தவர். பட்டறை மூடியதும் ஊருக்குத் திரும்பிவிட்டார். புருவமுடி பாதி கருகி, மறுபடி முளைக்காமலே போயிருந்தது. பெட்டிக்குள் குரங்குத் தொப்பி போட்டுக்கொண்டு நிற்பார். “பாதி ஆயுசு வெந்தாச்சுங்க, மீதி ஆறட்டும்” என்பார். யார் எதைக் கொண்டுவந்தாலும் அவரிடமிருந்து வருவது ஒரே பதில்தான். “வெச்சுட்டுப் போங்க சாமி, பார்த்துக்கலாம்.”

இப்படித்தான் முதலில் முகூர்த்த மாலைகள் வந்தன. பிறகு சீர் வரிசைக்கான பலகாரம். குழுத் தலைவருக்குத் தோட்டமும் உண்டு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியும் உண்டு. அவருடைய தாயாரின் இன்சுலின் வந்தது. அதற்குத் தனியாக ஒரு பித்தளைச் சொம்பு. தக்காளிக் கூடைகளின் உச்சியில் அது கும்பம் வைத்தது போல் இருக்கும்.

ஒருநாள் பக்கத்து நூல்மில்லில் வேலை செய்யும் தென்காசிப் பக்கத்துப் பெண் ஒரு பாட்டிலோடு வந்தாள்.

“ஏ அண்ணே, இத ஒரு ஓரமா வச்சிக்கிடுங்களேன். ரெண்டு மணிக்கு எங்கத்த பிள்ளையத் தூக்கிக்கிட்டு வருவாக, குடுத்திருங்க.”

“என்ன கண்ணு இது?”

அவள் தரையைப் பார்த்தாள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பாட்டிலைத் தன் துண்டில் சுற்றி, கதவிலிருந்து தள்ளி வைத்தார்.

அந்த வாரமே மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒருவர் ஆய்வுக்கு வந்தார். மாலையைக் காட்டி, “இது என்ன?” என்றார்.

“மல்லிப்பூவுங்க சார். கொடில வெளஞ்சதுங்க.”

“இந்த பாட்டில்?”

பெட்டிக்காரர் துண்டை இழுத்துப் பாட்டிலை மூடினார். “அதும் வெளஞ்சதுதானுங்க சார்.”

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அறிக்கையில் ‘விளைபொருள்கள் முறையாக உள்ளன’ என்று எழுதிவிட்டுப் போனார். அரசு ஊழியர்களிலும் தாய்ப்பால் குடித்தவர்கள் உண்டு.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்லலாம். ஆனால் பெட்டிக்காரருடைய அந்தக் குணத்துக்கு எப்போதும் வேறு யாரோதான் விலை கொடுத்தார்கள். ஆளுக்கு ஆள் கதவைத் திறந்து மூடினால் குளிர் நிற்காது. கம்பெனியிலிருந்து பராமரிப்புக்கு வரும் பையன் தட்டுகளைத் தட்டிப் பார்த்துவிட்டு, “ஏனுங்கண்ணா, பாதி ஐஸ்கூட ஒறையலீங்களே! நீங்க வாங்கற வெயிலையெல்லாம் வாசல்ல கொட்டறீங்க” என்று கத்துவான். அவர் தலையாட்டுவார். அவன் வண்டி திரும்பும்முன் அடுத்த ஆள் தூக்குப்போசியோடு நிற்கும்.

ஒருமுறை சின்ன வெங்காய மூட்டைகளை உள்ளே விட்டுவிட்டார். கொண்டுவந்தவர் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர், எப்படி மறுப்பது? மறுநாள் காலையில் அரைக் காணியில் தக்காளி போட்டிருந்த ஒரு பெண் வந்து தன் கூடையைத் திறந்தவள் கொதித்துவிட்டாள்.

“ஏனுங்க மாமா, என்ற தக்காளில சாம்பார் வாசம் வருது! நா என்ன பயிர் வெச்சனா, கொழம்பு வெச்சனா?”

“தப்புதானுங்க கண்ணு.”

“தப்புன்னா எடுத்து வெளிய வீசோணும்ல?”

“எப்படிக் கண்ணு எடுத்துட்டுப் போங்கன்னு சொல்றது? பெரிய மனுசரு.”

அவர் கண்டுபிடித்த வழி இது: இருட்டுமுன் மூட்டைகளைத் தன் வீட்டுக்குச் சுமந்து போனார். காலையில் பெரியவர் பார்க்க வரும் நேரத்துக்குத் திரும்பப் பெட்டிக்குச் சுமந்து வந்தார். வெங்காயம் விற்கும் வரை இது நடந்தது. ‘இல்லீங்க’ என்ற ஒரு சொல் அத்தனை மூட்டைகளையும்விடக் கனமாக இருந்திருக்கிறது அவருக்கு.

ஐப்பசி மழையில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். முந்தின நாள் காற்றுக்கு மின்கம்பங்கள் சாய்ந்து, ஊரில் சுத்தமாக மின்சாரமில்லை. நானும் தலைவரும் பெட்டிக்கு முன்னால் சாரலுக்கு ஒதுங்கி நின்றபோது, நூல்மில்லுக்கு வடநாட்டு ஆட்களைக் கூட்டிவரும் ஒப்பந்தக்காரரின் மேஸ்திரி பைக்கில் வந்தார். தமிழர்தான்; சேலத்துக்காரர். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தார்.

ஒடிசாவிலிருந்து வந்த பையன் ஒருவன், இருபது இருபத்திரண்டு வயது, லைன் வீட்டில் காய்ச்சலில் கிடந்து காலையில் இறந்துவிட்டான். டாக்டர் வந்து பார்த்து இயற்கை மரணம் என்று சான்று கொடுத்துவிட்டார். தகப்பனுக்குப் போன் பேசியாகிவிட்டது. ரயில் ஏறிவிட்டார். வந்து சேர ஞாயிற்றுக்கிழமை ஆகும். “மூஞ்சியப் பாக்காம எரிச்சுப்புடாதீங்க”, அதை மட்டும்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறாராம்.

“ஃப்ரீசர் பாக்ஸ் எடுங்களேன்” என்றார் தலைவர்.

“எடுத்தாச்சுங்க. கரண்ட்டு எங்கீங்க இருக்கு? ஜெனரேட்டரும் கெடைக்கலீங்க.”

“ஜி.எச். மார்ச்சுவரி?”

நடைமுறை எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் இறந்திருந்தால் வைப்பார்கள். வழக்கு என்றால் போலீஸ் கடிதத்தின் பேரில் வைப்பார்கள். வீட்டில், முறையாக, யார் மீதும் பழியில்லாமல் செத்தவனுக்கு அங்கே இடமில்லை. காலையிலிருந்து மேஸ்திரி இதைத்தான் மூன்று அலுவலகங்களில் கேட்டுவிட்டு வந்திருந்தார். லைன் வீட்டுக்காரர் வேறு, பொழுது சாயுமுன் எடுத்தே ஆகவேண்டும் என்று நின்றாராம்.

மேஸ்திரி பெட்டியைப் பார்த்தார். கேட்கக்கூட இல்லை, பார்த்தார், அவ்வளவுதான்.

“அட, வேண்டாமுங்க” என்றார் தலைவர் அவசரமாக. “திங்கற பண்டம் வெக்கற எடமுங்க.”

பெட்டிக்காரர் தொப்பியைக் கழற்றி மடியில் செருகினார். “கொண்டாந்து வெச்சுட்டுப் போங்க சாமி. பார்த்துக்கலாம்.”

தலைவர் என்னைப் பார்த்தார். விதி ஒன்பதை நான் சொன்னேன். சொல்ல வேண்டியது என் வேலை. பெட்டிக்காரர் அதற்கும் “ஆமாங்க, ஆமாங்க” என்று தலையாட்டிக்கொண்டே கூடைகளை வெளியே எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

இதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு யாரும் இதை நம்பவில்லை. ஒரு கூடைகூட உள்ளே இருக்கவில்லை. பூ, சொம்பு, பாட்டில், எல்லாம் வெளியே வந்தன. தக்காளியை முழுக்கத் தன் வீட்டுக் கூடத்தில் பரப்பி, ஈரச் சாக்குப் போட்டு மூடினார். அவர் மனைவி சமையலை மாட்டுக்கொட்டகைக்கு மாற்றிக்கொண்டார். குளிரை எவ்வளவு கூட்ட முடியுமோ அவ்வளவு கூட்டினார். தக்காளிக்கு வேண்டிய குளிர் வேறு, இதற்கு வேண்டியது வேறு.

பையனைக் கொண்டுவந்து உள்ளே கிடத்தியதும் கதவை மூடினார். நாளெல்லாம் கதவைத் திறந்தே வைத்திருந்தவர் ஞாயிறு வரை அதைத் தொடவில்லை. தொட்டால் குளிர் போய்விடும். வெயில் இல்லை. உள்ளே உறைந்த ஐஸ் எவ்வளவோ அவ்வளவுதான் கையிருப்பு. அதுவும் அவருடைய தாராளத்தில் ஏற்கெனவே பாதி. சனிக்கிழமை முழுக்க வெளியிலிருந்த எண்பலகையில் குளிர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டே வந்தது. ஏணி போட்டுக் கூரையேறித் தகடுகளைத் துண்டால் துடைத்தார். வானத்தில் சூரியனே இல்லாதபோது தகட்டைத் துடைத்து என்ன ஆகும் என்று கேட்டேன்.

“வந்தா ஒடனே வாங்கிக்கோணுமல்லங்க” என்றார்.

அன்று பிற்பகல் மேகம் விலகிக் கொஞ்ச நேரம் வெயில் அடித்தது. உள்ளே இயந்திரம் முனகத் தொடங்கிய சத்தம் கேட்டதும், மேலே நின்றபடியே அழுதார். அந்தப் பையனை உயிரோடு அவர் பார்த்ததே இல்லை.

தகப்பன் ஞாயிறு மதியம் வந்தார். ஒல்லியான மனிதர், கையில் ஒரு துணிக்கடைப் பை. கதவைத் திறந்தார்கள். முகம் முகமாகவே இருந்தது. அவர் உள்ளே ரொம்ப நேரம் நின்றார். வெளியே வந்ததும் மேஸ்திரியிடம் இந்தியில் ஏதோ கேட்டார். யார் வைத்திருந்தது என்று கேட்கிறார் என்றார் மேஸ்திரி. பெட்டிக்காரர் அதற்குள் பின்பக்கம் போய் ஏதோ கம்பியைச் சரிசெய்வதுபோல் குனிந்து நின்றிருந்தார். தகப்பன் அங்கேயே போனார். இவர் கையைப் பிடித்தார். அது சற்றுமுன் உடலை வெளியே தூக்கிய கை, ஜில்லென்றிருந்தது. அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துச் சூடு வரத் தேய்க்க ஆரம்பித்தார். தேய்த்துக்கொண்டே தன் பாஷையில் என்னவோ சொன்னார். இவரும் “ஆமாங்க, ஆமாங்க” என்றார்.

சாயங்காலம் திருப்பூர் மின்மயானத்தில் காரியம் முடிந்தது.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஊருக்கு எல்லாம் தெரியும். ஆனால் எங்கள் ஊரில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. எல்லோருக்கும் தெரிந்தாலும் யாரும் வாய்விட்டுச் சொல்லாத வரை அது நடக்கவில்லை. கழுவிவிட்டுப் பேசாமல் இருந்திருந்தால் புதன்கிழமை கூடைகள் உள்ளே போயிருக்கும். அவர் கழுவினார். பினாயில் போட்டு, மஞ்சள் நீர் விட்டு, மறுபடி கழுவினார். பிறகு வீடு வீடாகப் போனார்.

“நாளைக்குக் காலைல பெட்டிக்குப் புண்ணியார்ச்சனை வெச்சிருக்கறனுங்க. எல்லாரும் வந்துருங்க.”

நான் அவரைத் தனியே கூப்பிட்டேன். “எதுக்குங்க ஊரைக் கூட்டறீங்க? சும்மா இருங்க.”

“ஒளிச்சாத்தானுங்க தீட்டு. நாலு பேத்துக்குச் சொல்லித் தீத்தம் தெளிச்சுட்டாப் போயிருமுங்க. அவங்க பண்டத்த வெக்கறவங்க, அவங்களுக்குத் தெரியோணுமல்ல?”

கோயில் பண்டாரம் வந்தார். கதவில் மாவிலை கட்டினார்கள். கலச நீர் தெளித்து, தேங்காய் உடைத்ததும், பெட்டிக்காரர் வந்தவர்களுக்கு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார். யாரோ ஒரு பையன் செல்போனில் படம் பிடித்தான். பொழுது சாய்வதற்குள் உடுமலைப்பேட்டைச் சந்தை வரை அது போய்விட்டது. கீழே ஒரு வரி: பொணம் வெச்ச பெட்டிக்குப் பூசை.

வியாழக்கிழமை தக்காளி வண்டி சந்தையிலிருந்து இறக்காமலே திரும்பியது. எங்கள் ஊர்க் கூடை என்றால் வேண்டாம் என்றார்கள். பெட்டியில் வைத்த கூடையா, வைக்காததா என்று யாரும் கேட்கவில்லை.

குழுக் கூட்டத்தில் அந்தத் தக்காளிப் பெண்தான் முதலில் பேசினாள். “மாமா செஞ்சது புண்ணியந்தானுங்க. நா இல்லைங்கல. அந்தப் புண்ணியத்துக்கு என்ற தக்காளிக் காடுதான் கெடைச்சுதா?”

தலைவர் நிதானமாகச் சொன்னார். “தப்புன்னு ஆரும் சொல்லலீங்க. சந்தைக்கு ஆரு போயிச் சொல்றது, அதத்தான் கேக்கறோம்.”

அவருடைய தாயாரின் இன்சுலின் சொம்பு அதுவரை எங்கே இருந்தது என்று யாரும் கேட்கவில்லை. நடைமுறையில் அதற்கும் இடமில்லை.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. அறை பயன்படுத்தத் தகுதியானது என்று மாவட்ட அலுவலகத்திடம் ஒரு சான்று வாங்கிவிட்டால், சந்தையில் காட்டலாம். மனுவை நான் எழுதினேன். ‘தவிர்க்க இயலாத சூழலில் அறையில் பிற பொருள் வைக்க நேர்ந்தது’ என்று படித்துக் காட்டியபோது பெட்டிக்காரர் குறுக்கிட்டார்.

“பொருள்னு எழுதாதீங்க. பையன்னு எழுதுங்க.”

“அப்படி எழுதுனா கோப்பு நகராதுங்க.”

“நகராட்டிப் போகுதுங்க. அவங்கப்பன் கையப் புடிச்சுட்டுப் போயிருக்கறாரு.”

எழுதினேன். இருவருமாக அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்தோம். எழுத்தர் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். “என்னுங்க இது, தக்காளிக்கு அனுமதி கேக்கறீங்களா, இல்ல இதுக்கா? மேல அனுப்பறேன். ஒண்ணு மட்டும் நெனப்புல வெச்சுக்குங்க. பதில் வர்ற வரைக்கும் அதுல ஒரு துரும்பு வெக்கப்படாது. வெச்சீங்கன்னா பெட்டியே எடுத்துக்குவாங்க. அப்பறம் ஊருக்கே இல்ல.”

பெட்டிக்காரர் வழக்கம்போலத் தலையாட்டினார். இந்த முறை சொன்னது உள்ளே இறங்கிவிட்டது. ஊர்ப் பண்டம் தன்னால் கெட்டது என்பதை அவர் வேறு எப்படியும் ஈடுகட்ட முடியாது. இதையாவது காப்பாற்ற வேண்டும் என்று நினைத்திருக்க வேண்டும்.

மார்கழி முழுக்கப் பெட்டி காலியாக ஓடியது. நல்ல வெயில். தட்டுகள் விளிம்பு வரை உறைந்து நின்றன. பராமரிப்புப் பையன் வந்து பார்த்து, “இப்பத்தானுங்கண்ணா பெட்டி பெட்டியா இருக்குது” என்று பாராட்டிவிட்டுப் போனான். வாரத்துக்கொரு தரம் அவர் என்னிடம் வந்து, “பதில் வந்துதுங்களா?” என்பார். மேசையிலிருந்து மேசைக்குப் போய்க்கொண்டிருக்கும் என்பேன்.

பொங்கல் நோம்பி முடிந்த அடுத்த வாரம் மேஸ்திரி மறுபடி பைக்கில் வந்தார். மில் விடுதியில் இருந்த ஒரு பெண். ஜார்க்கண்டுக்காரி. மஞ்சள் காமாலையில் போய்விட்டாள். உடம்பு மோசம் என்று கேட்டதுமே தாய் கிளம்பிவிட்டாள். மில்லுக்குள் ஃப்ரீசர் பாக்ஸ் வைக்க நிர்வாகம் சம்மதிக்கவில்லை. வெளியே வீடு தருவார் யாருமில்லை.

“அன்னைக்கு மாதிரி ஒரு ரெண்டு நாளைக்குங்க. ஒரே நாள்கூடப் போதும்.”

நான் அப்போது அங்கேதான் இருந்தேன். பெட்டிக்காரர் பெட்டியைப் பார்த்தார். எண்பலகையைப் பார்த்தார். அதில் குளிர் தாராளமாக இருந்தது. கதவின் பிடிமேல் கையை வைத்தார், எடுத்துக்கொண்டார்.

“இல்லீங்க” என்றார். சொல்லிவிட்டு, சரியாகச் சொன்னோமா என்பதுபோல் என்னைத் திரும்பிப் பார்த்தார். “பதில் வருலீங்க. வர்ற வரைக்கும் எதும் வெக்கப்படாதுங்க. ஊர்ப் பெட்டிங்க.”

மேஸ்திரி கெஞ்சவில்லை. ஏற்கெனவே நான்கு இடங்களில் கேட்ட சொல்தான் அது. பைக்கைத் திருப்பிக்கொண்டு போனார். அன்று மாலையே எரித்துவிட்டார்கள்.

தாய் மறுநாள் வந்தாளாம். செல்போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டியிருக்கிறார்கள். படத்தில் யாரோ நெற்றியில் பெரிதாக மஞ்சள் பூசி, கன்னத்தை இழுத்துக் கட்டியிருந்தார்கள். இது என் மகள் இல்லை, வேறு யாரையோ காட்டுகிறீர்கள், என் பெண் எங்கே என்று மில் வாசலில் கேட்டுக்கொண்டே இருந்தாளாம். ரயிலேற்றி அனுப்பும்போதும் அதைத்தான் கேட்டாளாம். டீக்கடையில் மேஸ்திரி சொன்னார். பெட்டிக்காரரும் அங்கே உட்கார்ந்திருந்தார். டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அந்த வாரமே பெட்டிச் சாவியைத் தலைவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு, “எனக்கு ஆகாதுங்க” என்றாராம். முதலிபாளையம் பக்கம் ஒரு கம்பெனியில் பாய்லருக்குச் சேர்ந்துவிட்டார் என்று அவர் மனைவி சொன்னார். அந்த வயதில் யாரும் அந்த வேலைக்குப் போவதில்லை. அதற்குப் பிறகு அவரை ஒருமுறை பேருந்து நிலையத்தில் பார்த்தேன். முகம் சிவந்து, வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தது. “சௌக்கியங்களா சாமி” என்றார். பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. பதில் வந்ததா என்றும் கேட்கவில்லை.

மாவட்ட அலுவலகத்தின் பதில் என் முகவரிக்குத்தான் வந்தது. ஒரே பத்தி. அறையைக் கிருமிநீக்கம் செய்தபின் பயன்படுத்த ஆட்சேபணை இல்லை. இதுபோன்ற மனிதாபிமானத் தேவைகளில் விதி ஒன்பதைத் தளர்த்திக்கொள்ளக் குழுவுக்கு அதிகாரம் வழங்கப்படுகிறது. கையொப்பத்தின் கீழே இருந்த தேதி ஜனவரி எட்டு. பொங்கல் விடுமுறை, அனுப்புகைப் பிரிவில் ஆள் இல்லை. கடிதம் எனக்கு வந்து சேர்ந்தது பிப்ரவரி மூன்றாம் தேதி.